பாலத்துக்கு இந்தப் பக்கம்

கூட்டமாக எங்கே போனாலும் புருஷோத்தமன் கடைசி ஆளாகத்தான் நடப்பார். செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போதும் சரி, சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்திக்குப் போகும்போதும் சரி, மனைவி லலிதாவையும் மகள் சௌம்யாவையும் முன்னால் விட்டுவிட்டு நாலடி தள்ளி வருவார். திருப்பம் வந்தால் ஒரு கணம் நின்று வந்த வழியைப் பார்ப்பார். பின்னால் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் பார்ப்பார். சின்ன வயதில் சௌம்யா அதை விளையாட்டு என்று நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத் தோழிகளுக்கு முன்னால் அது அவளுக்குக் கூச்சமாகிப்போனது. "டாடி, பக்கத்துல வாங்க, ப்ளீஸ்" என்பாள். அவரும் இரண்டு எட்டு பக்கத்தில் வருவார். மூன்றாவது எட்டில் மறுபடி பின்தங்கிவிடுவார்.

அவர் சரக்கு ரயிலில் கார்டு. ரயிலின் கடைசியில் தொங்கும் பிரேக் வேனில் தனியாக உட்கார்ந்து போகிறவர். முன்னால் எஞ்சின், நடுவில் சிமென்டோ நிலக்கரியோ ஏற்றிய வேகன்கள், வாலில் இவர். பேச்சுத்துணைக்கு எஞ்சினில் இருக்கும் டிரைவர், அதுவும் வாக்கிடாக்கியில். வேனின் பின்பக்கத் திண்ணையில் நின்றபடி, ஓடி விலகும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தார். ஊர்கள் அவருக்கு வந்ததே இல்லை, போய்க்கொண்டுதான் இருந்தன.

அவருடைய அப்பா காட்பாடிப் பக்கத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குக் கலாசியாக, எடுபிடித் தொழிலாளியாக வந்தவர். புருஷோத்தமன் பள்ளிப்படிப்போடு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து பரீட்சை எழுதி கார்டு ஆனார். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் சௌம்யா. வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. காலையில் மெட்டுகுடாவிலிருந்து மெட்ரோ ஏறும்போதெல்லாம், இந்த வேலைக்கு நான் தகுதியானவளா அல்லது யாரோ தவறிப்போய் என்னை எடுத்துவிட்டார்களா என்ற கேள்வி அவளோடு கூடவே ஏறும்.

அந்த வேலை கிடைத்ததற்கு ஒரு காரணம் வீட்டுக்கூடத்தில் மாட்டியிருந்தது. கண்ணாடி போட்ட பாராட்டுச் சான்றிதழ். அடைமழையில் எஞ்சின் பழுதாகி நடுவழியில் நின்ற ரயிலுக்குப் பின்னால், கார்டு புருஷோத்தமன் சிவப்புக்கொடியுடன் நின்று, எதிர்பாராமல் வந்த இன்னொரு எஞ்சினை நிறுத்தி விபத்தைத் தவிர்த்தார் என்று அதில் இருந்தது. நேர்முகத் தேர்வில், "உங்களுக்கு முன்மாதிரி யார்?" என்று கேட்டபோது சௌம்யா அந்தக் கதையைச் சொன்னாள். மழையை இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்ய வைத்தாள். எதிரே இருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். வெளியே வரிசையில் அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த, அவளைவிட நன்றாகப் படித்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு புருஷோத்தமனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடப்பார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேம்பாலத்துக்குப் போய் ரயில் பார்ப்பார். திரும்பி வந்து ஆறிய டீயைச் சூடு பண்ணச் சொல்வார்.

"வூட்ல ஒரு எஞ்சின் ஷன்டிங் அடிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்பாள் லலிதா. "செத்த நேரம் குந்துங்களேன்."

"குந்தினா தூக்கம் வருது."

"தூங்குங்க."

"தூக்கம் வரல."

தன் வேலை நிரந்தரமான மாதத்தில், "டாடி, எங்கயாவது ட்ரிப் போலாம். காரெடுத்துட்டு, ஜாலியா. எங்க போகணும் சொல்லுங்க" என்றாள் சௌம்யா. அவர்கள் இதுவரை போன ஊரெல்லாம் ரயில்வே பாஸ் போன ஊர்கள்தான். சாலை வழியாக, நினைத்த இடத்தில் நின்று, ஒரு பயணம் போனதே இல்லை.

புருஷோத்தமன் யோசிக்கவே இல்லை. "விஷ்ணுபுரம்" என்றார்.

லலிதாவுக்குச் சிரிப்பு பொங்கியது. "விஷ்ணுபுரமா? சிமென்ட் ஃபாக்டரில இன்னாங்க இருக்குது? மூஞ்சிக்கு ஃபிரீயா பவுடர் பூசி அனுப்புவானா?"

அவர் சிரிக்கவில்லை. சான்றிதழைப் பார்த்தபடி, ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அந்தக் கொடிய நான் புடிக்கலம்மா."

சௌம்யா ஃபோனைக் கீழே வைத்தாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

நல்கொண்டா தாண்டி, விஷ்ணுபுரத்துக்கு முன்னால், கிருஷ்ணா நதிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரயில் நின்றது. மழை. இப்படி நின்றால் கார்டு இறங்கிப் பின்னால் நடந்து போய், தூரத்தில் சிவப்புக்கொடியோடு நிற்க வேண்டும் என்பது விதி. இறங்கியவர் ஜல்லியில் சறுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகி எழுந்து நிற்க முடியவில்லை. எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். தெரிந்த தெலுங்கில் அவளிடம் சொன்னார்: இந்தத் துணியை எடுத்துக்கொண்டு அந்த வளைவு வரைக்கும் போ, ஏதாவது வந்தால் ஆட்டு. எருமைகளை அப்படியே விட்டுவிட்டு அவள் போனாள். வளைவில் போய் நின்றாள். சொன்ன நேரத்துக்கு வெகு முன்னால் உதவி எஞ்சின் வந்தது. அவள் ஆட்டினாள். நின்றது.

"கொடியக் கொண்டாந்து குடுத்துட்டு எருமையத் தேடிப் போய்ட்டா. பேருகூடக் கேக்கல நான்."

"ஆபீஸ்ல சொல்லலியா டாடி?"

"சொன்னேன். ரயில்வே கொடிய வெளியாள் கைல குடுத்தேன்னு சொன்னா முதல்ல எனக்குத்தான் சார்ஜ்ஷீட், வாய மூடிக்கிட்டு இருன்னுட்டாரு பெரியவரு. மூடிக்கிட்டேன். அப்புறம் இது வந்துது." சான்றிதழை மோவாயால் காட்டினார். "லைனுக்கு ஒரு வயல் தள்ளி செவப்பு ஓடு போட்ட ஒத்த வூடு அவளுது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பாப்பேன். சில நாளு வாசல்ல இருப்பா. கூட்ஸ் வண்டிய நெனச்ச எடத்துல நிறுத்த முடியுமா? போய் அவ எதிர்ல நின்னு சொல்லணும். அவ்ளோதான்."

லலிதாவுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பது, அவள் எழுந்து அடுப்பை அணைக்கப் போன விதத்தில் சௌம்யாவுக்குப் புரிந்தது. அப்பாவிடம் கோபப்பட வேண்டுமா, தன்னிடம் கோபப்பட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேர் தலையாட்டிய அந்த அறை ஞாபகம் வந்தது. மழையைக் கூடுதலாக ஊற்றியவள் அவள்தானே.

அன்றே திட்டம் போட ஆரம்பித்தாள். ஒரு வீட்டைத் தேடி அவ்வளவு தூரமா என்று அம்மா மூட்டுவலியைச் சாக்குச் சொல்லிவிடக் கூடாது என்பதால், கிருஷ்ணா பள்ளத்தாக்குச் சுற்றுலாவாகவே அதை ஆக்கினாள். விடிகாலையில் கிளம்பி நாகார்ஜுன சாகர். படகில் தீவுக்குப் போய், அணை கட்டியபோது தண்ணீருக்குள் போகாமல் தூக்கிவைத்த பழைய பௌத்த மடங்களின் கற்கள். பிறகு மிரியாலகுடா வழியாக வாடபல்லி. அங்கே, அவர்கள் நகரத்துக்கு நடுவே ஓடிவரும் மூசி ஆறு கிருஷ்ணாவில் கலக்கும் கூடல், கோயில். கடைசியில் பக்கத்திலேயே விஷ்ணுபுரம்.

"மூசியா?" லலிதா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "சாதர்காட் பாலத்துல பஸ் போனாலே நான் ஜன்னல மூடுவேன். அதப் பாக்க கார் வெச்சுக்கிட்டுப் போணுமா? நக்கோ, வேணாம்."

"அங்க போறதுக்குள்ள க்ளீன் ஆயிடும் மம்மி."

"ஹவ் ஹவ், ஆமாமா, அதுவும் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி குளிச்சிடும்."

காரும் ஓட்டுநரும் டேனியல். புருஷோத்தமன் கார்டாகப் போன வண்டிகளில் பாதிக்கு அவர்தான் டிரைவர்; அன்றைய மழையிலும் எஞ்சினில் இருந்தவர். ஓய்வுப் பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கிவைத்து, ஏற்றிப்போக ஆளும் ஓட்டிப்போக இடமும் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வந்து, சௌம்யா மடிக்கணினியில் திறந்து வைத்திருந்த வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

"வூடு எந்தப் பக்கம்யா புரு?"

"லெஃப்ட்ல."

"லெஃப்ட்லயா? அங்க வெறும் கல்லுக்காடு இல்ல? நான் பாத்ததில்லயே வூட்ட."

"நீ எப்பய்யா பக்கத்துல பாத்த? சிக்னலப் பாத்துக்கிட்டு போனவன்."

"நீ மட்டும்? என் முதுகப் பாத்துக்கிட்டு வந்தவன்தானே!"

"உன் முதுகயும் பாக்கல. அந்தக் கொடுமை வேற வேணுமா?"

"அங்கிள், ஃபைட் பண்ணாதீங்க. லெஃப்ட்னா லெஃப்ட்." சௌம்யா ரயில் பாதைக்கு இடப்புறம், பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மண்பாதையின் முனையில் குறி வைத்தாள்.

தேதி நெருங்க நெருங்க புருஷோத்தமன் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டார். என்ன கொண்டுபோவது என்பதே முதல் பிரச்சினை. புடவை என்றாள் லலிதா. என்ன கலர்? சிவப்பு வேண்டாம் என்றார் அவசரமாக. பச்சை எடுத்து வந்தார்கள். ராத்திரி சாப்பிடும்போது, "பச்ச புடிக்கலன்னா?" என்றார். மறுநாள் போய் மாற்றி மஞ்சள் வாங்கி வந்தார். தெலுங்கில் என்ன சொல்வது என்று பால்கனியில் நின்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அம்மா, ஆ ரோஜு வானலோ…", அன்றைக்கு மழையில், என்று ஆரம்பித்து அதற்கு மேல் போகாமல் உள்ளே வந்துவிடுவார். ஒருநாள் சௌம்யாவிடம் கேட்டார்:

"அவ வூட்டுக்காரரு இருந்து, எதுக்கு என் பொண்டாட்டிய மழைல நிக்க வெச்சன்னு கேட்டா?"

"ஸாரி சொல்லுங்க டாடி."

"அவளே கேட்டா? எஞ்சின் நிக்காம வந்திருந்தா என் கதி என்னன்னு?"

சௌம்யா புடவைப் பையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இரண்டு முறை தேதி மாறியது. ஒரு முறை அவருக்கு வயிறு சரியில்லை. இன்னொரு முறை மழை வரும் என்று டிவியில் சொன்னார்கள், வரவில்லை. மூன்றாம் முறை டேனியல் வாசலில் ஹாரனை விடாமல் அடித்து எல்லோரையும் வண்டியில் ஏற்றினார்.

அது அழகான பயணம்தான். இப்ராஹிம்பட்டணம் தாண்டியதும் பாறைக் குன்றுகள், ஒன்றின் மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவிட்டு மறந்துபோன உருண்டைக் கற்கள், நடுநடுவே பருத்தி வயல். சாகரில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. படகு ஆள் சேர்ந்த பிறகுதான் கிளம்பும் என்றார்கள். ஆள் சேரவில்லை. புருஷோத்தமன் துறையில் முன்னும் பின்னும் நடந்தார்.

"தீவு ஓடிப்போவுதா? அங்கயேதான் இருக்கும், உக்காரு" என்றார் டேனியல்.

தீவில், கிருஷ்ணா கரையில் ஒரு காலத்தில் நகரமாக இருந்த பள்ளத்தாக்கு முழுவதும் இந்தத் தண்ணீருக்கடியில் இருக்கிறது என்று சௌம்யா படித்துச் சொன்னாள். லலிதா அருங்காட்சியகத்துச் சிற்பங்களில் நகைகளைக் கவனித்தாள். "அந்தக் காலத்துலயே இடுப்புல எவ்ளோ வேல பாத்திருக்காங்க பாரு" என்றாள். புருஷோத்தமன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு புகைப்படத்துக்கும் அவர் சரியாக நிற்கவில்லை. எல்லாவற்றிலும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் படகும் தாமதம். வாடபல்லிக் கூடலில் லலிதா கால் நனைத்தாள். நகரத்தில் மூக்கைப் பொத்த வைத்த ஆறு, அங்கே அகன்று, பெரிய ஆற்றின் தோளில் சத்தமில்லாமல் சாய்ந்தது. "இது நம்ம மூசியா? வந்த எடத்துல மரியாதையா நடந்துக்குது" என்றாள். கோயிலில் அவள் கும்பிட்டு முடிப்பதற்குள் புருஷோத்தமன் காரில் போய் உட்கார்ந்திருந்தார். மடியில் புடவைப் பை.

வெயில் சாயத் தொடங்கியபோது சௌம்யா குறி வைத்த மண்பாதைக்கு வந்தார்கள். கல்லும் கருவேலமும்தான் இருந்தன. வீடு இல்லை. ஆடு மேய்த்த ஒருவரிடம் கேட்டார்கள். இந்தப் பக்கம் எப்போதுமே வீடு கிடையாது என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். இல்லை. புருஷோத்தமனின் முகத்தில் ஏமாற்றத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. சௌம்யாவால் அதற்குப் பெயர் வைக்க முடியவில்லை.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, கல்லுக்காடுன்னு" என்றார் டேனியல். "நீ கனவு கண்டிருப்ப."

"லெஃப்ட்தான்யா. நல்லா தெரியும். வேன்ல நின்னா இந்தக் கைப்பக்கம்."

சௌம்யா சட்டென்று திரும்பினாள். "டாடி, வேன்ல எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க."

ரயில் பாதையோரத்தில் அவர் நின்றார். பாலத்துக்கு முதுகைக் காட்டி, செகந்திராபாத் திசையைப் பார்த்து நின்றார். இடது கையைத் தூக்கினார். கை தண்டவாளத்தைத் தாண்டி மறுபக்கத்தைக் காட்டியது.

டேனியல் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! உன் லெஃப்ட் எனக்கு ரைட்டுய்யா! இத்தன வருசம் ஒரே வண்டில போயிருக்கோம்!"

மறுபக்கத்தை ஒரு சரக்கு ரயில் மறைத்து நின்றுகொண்டிருந்தது. சிக்னலுக்காகக் காத்திருக்கும் சிமென்ட் வேகன்கள். கொஞ்ச நேரத்தில் அது பெருமூச்சு விட்டு நகர்ந்தது. கடைசி வேகனுக்குப் பின்னால் பிரேக் வேன் இல்லை. ஆளும் இல்லை. ஒரு சின்னப் பெட்டி மட்டும் சிவப்பாக மின்னிக்கொண்டு போனது. இப்போதெல்லாம் பல வண்டிகளில் கார்டுக்குப் பதில் அதுதான். புருஷோத்தமன் அதைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. ரயில் விலகிய இடத்தில், வயலுக்கு அந்தப்புறம், சிவப்பு ஓட்டு வீடு தெரிந்தது. முற்றத்தில் ஒரு பெண் குனிந்து எதையோ வாரிக்கொண்டிருந்தாள். அவளா, வேறு யாரோவா என்று சொல்ல முடியாத தூரம்.

"வா, போலாம்" என்றார் டேனியல்.

அந்த இடத்திலிருந்து கார் மறுபக்கம் போக ஒரே வழி ரயில் பாதைக்கு அடியில் இருந்த சுரங்கச் சாலை. அதில் மழைத்தண்ணீர் இடுப்பளவுக்குத் தேங்கிக் கிடந்தது. நடந்து போவதென்றால் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது.

"லைன கிராஸ் பண்ணக் கூடாது" என்றார் புருஷோத்தமன்.

"யோவ், ரெண்டு பக்கமும் பாத்துட்டுத் தாண்டுறதுக்கு இன்னாய்யா?"

"எத்தன பேர நானே திட்டி அனுப்பியிருக்கேன். தப்பு தப்புதான்."

"டாடி, நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

"நக்கோ." அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ போகாத. நான்தான் சொல்லணும். சொல்றேன். அடுத்த வாட்டி அந்தப் பக்கத்து ரோட்டுல வருவோம். அம்மாவுக்குச் சக்கர மாத்திர நேரமாச்சு."

"எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் லலிதா காருக்குள்ளிருந்து. "போயிட்டு வாங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு?"

அவர் அசையவில்லை. அந்தப் பெண் வாரி முடித்து, நிமிர்ந்து, இந்தப் பக்கம் நின்ற மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். புருஷோத்தமன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சௌம்யாவுக்கு அப்போதுதான் அவர் முகத்தில் இருந்ததற்குப் பெயர் கிடைத்தது. வீடு இல்லை என்று ஆட்டுக்காரர் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் திட்டம் நடந்தது. இந்தத் தடவை நேராக அந்தப் பக்கத்துச் சாலை. இல்லை, மட்டபல்லி கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். இல்லை, தண்ணீர் வடியட்டும். இல்லை, வெயில் குறையட்டும். அவரே வழி சொல்வார், அவரே மாற்றுவார். டேனியல் முதலில் கேலி செய்தார், பிறகு கேட்பதை நிறுத்தினார். சௌம்யாவும் அழுத்திச் சொல்லவில்லை. அவர் பயப்படுகிறார் என்று தெரிந்துகொண்டே, தானும் அந்தத் தள்ளிப்போடலில் கொஞ்சம் இளைப்பாறினாள். அவர் போய்ச் சொல்லிவிட்டால், தானும் அந்த முற்றத்தில் நின்று, உன் மழையை எடுத்து என் வேலையை வாங்கினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் புருஷோத்தமன் மாரடைப்பில் போனார். லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சௌம்யா சான்றிதழைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அம்மா கேட்பாள், எடுக்காவிட்டால் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது அவள் கார் ஓட்டுகிறாள். மறுபக்கத்துச் சாலையும் தெரியும். சுரங்கப்பாதைத் தண்ணீரைத் தொடாமலே போய்விடலாம். பலமுறை விடுப்பு எடுத்து, பலமுறை திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் எட்டு வைக்காத இடத்தில் என் கால் மட்டும் எப்படிப் போகும் என்று சில நாள் நினைப்பாள். அது வெறும் சாக்கு என்று மற்ற நாட்களில் நினைப்பாள்.

கிருஷ்ணா கரையில் எருமை ஓட்டிய அந்தப் பெண், மழையில் தான் நிறுத்தியது எதை என்று அறியாமலே இருக்கிறாள். அவள் இன்னும் அங்கே இருக்கிறாளா என்பதும் தெரியாது. அவளிடம் போய் யாரும் இதுவரை எதுவும் சொல்லவில்லை.